விட்ராஜில் ஸ்விட்ச் வரவில்லையா, இணைப்புக் கோடு வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது எப்படி

ஓப்பன்ஸ்டாக் கிளவுடில் எந்த விஎம் (மெய்நிகர் கணினி) எந்த சர்வரில் ஓடுகிறது என்பது அதன் கம்ப்யூட் பகுதியான நோவாவுக்குத் தெரியும். எந்த வால்யூம் எந்த விஎம்மில் மாட்டியிருக்கிறது என்பது சேமிப்பகப் பகுதியான சிண்டருக்குத் தெரியும். ஆனால் அந்த சர்வரிலிருந்து கிளம்பும் நெட்வொர்க் கேபிள் ரேக்கில் எந்த ஸ்விட்சில் போய்ச் சேருகிறது என்று கேட்டால் இவற்றில் எதற்கும் பதில் தெரியாது. அலாரங்களின் மூலக்காரணத்தைத் தேடித் தரும் விட்ராஜுக்கும் அது தானாகத் தெரியாது. நாம்தான் ஒரு யாமல் கோப்பில் (உள்தள்ளலால் அமைப்பைக் காட்டும் உரைக்கோப்பு) எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பைப் படிக்கும் பகுதிக்கு ‘ஸ்டாட்டிக்’ டேட்டாசோர்ஸ் என்று பெயர்.

இந்தக் கோப்பைப் பலரும் ஒரு சடங்காக எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் நள்ளிரவில் ஒரு ஸ்விட்ச் விழும்போது, அதன் கீழுள்ள அத்தனை சர்வர், அத்தனை விஎம் அலாரங்களும் ஒன்றாகக் கொட்டும்போது, பணியில் இருப்பவருக்குக் கை கொடுப்பது இதுதான். கோப்பு சரியாக இருந்தால் ‘இந்த ஸ்விட்சைப் பார்’ என்று ஒரே இடத்தைக் காட்டும். தவறாக இருந்தால் அவரை வேறு ரேக்குக்கு அனுப்பிவைக்கும். ஆகவே கீழே உள்ளவற்றைப் பொறுமையாகப் பாருங்கள்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில், அதே புள்ளி, அதே அடிக்கோட்டோடு அடியுங்கள்.

கோப்பின் வடிவம்

கோப்பில் இரண்டு பெரிய பகுதிகள். ‘மெட்டாடேட்டா’வில் கோப்பின் பெயரும் விளக்கமும். ‘டெஃபினிஷன்ஸ்’ பகுதியில்தான் விஷயம். அதற்குள் ‘என்டிட்டீஸ்’ என்ற பட்டியலில் ஸ்விட்ச், சர்வர் ஆகியவற்றையும், ‘ரிலேஷன்ஷிப்ஸ்’ என்ற பட்டியலில் எது எதோடு இணைந்திருக்கிறது என்பதையும் எழுதுகிறோம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஸ்டாட்டிக்_ஐடி’, ‘டைப்’, ‘ஐடி’ வேண்டும். ஸ்விட்ச் போல விட்ராஜுக்குப் புதிதாக அறிமுகமாகும் பொருள் என்றால் ‘நேம்’, ‘ஸ்டேட்’ ஆகியவையும் சேரும். சர்வரை நோவா ஏற்கெனவே சொல்லியிருக்கும். அதற்கு டைப் ‘நோவா.ஹோஸ்ட்’ என்றும், ஐடி இன்னதென்றும் காட்டினால் போதும். இணைப்பில் ‘சோர்ஸ்’, ‘டார்கெட்’, ‘ரிலேஷன்ஷிப்_டைப்’ என்று மூன்று வரிகள். வழக்கமாக ‘அட்டாச்டு’ என்று எழுதுவோம்.

‘ஸ்டாட்டிக்_ஐடி’ அந்தக் கோப்புக்குள் மட்டும் செல்லும் கூப்பிடு பெயர். ‘ஐடி’ என்பது விட்ராஜ் முழுவதும் செல்லும் அடையாளம். சோர்சிலும் டார்கெட்டிலும் கூப்பிடு பெயரைத்தான் எழுத வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது.

அறிகுறி: ஸ்விட்ச் எங்குமே தெரியவில்லை

கோப்பைத் திறப்பதற்கு முன் எந்தத் திரையைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஹொரைசன் டாஷ்போர்டில் விட்ராஜின் ‘டோபாலஜி’ பக்கம் வட்ட வடிவப் படம் ஒன்றைக் காட்டும். அது ஸோன், சர்வர், விஎம் என்ற கம்ப்யூட் அடுக்கை மட்டுமே காட்டுகிறது. ஸ்விட்ச் அதில் வராது. ‘என்டிட்டி கிராஃப்’ பக்கத்துக்குப் போங்கள். அட்மின் உரிமையோடு நுழைந்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். ஸ்விட்ச் எந்த புராஜெக்டுக்கும் சொந்தமில்லை என்பதால் சாதாரணப் பயனருக்கு அது காட்டப்படாது. கட்டளை வரியில் ‘விட்ராஜ் டோபாலஜி ஷோ’ என்பதோடு ‘ஆல்-டெனன்ட்ஸ்’ விருப்பத்தைச் சேர்த்துக் கேட்டால் சந்தேகம் தீரும்.

அங்கும் இல்லையா? சரி, அமைப்புக் கோப்புக்கு வருவோம். ‘விட்ராஜ்.கான்ஃப்’ கோப்பில் ‘டேட்டாசோர்சஸ்’ பிரிவின் ‘டைப்ஸ்’ வரியில் ‘ஸ்டாட்டிக்’ இருக்க வேண்டும். அந்த வரியை யாராவது புதிதாக எழுதியிருந்தால், எழுதிய பெயர்கள் மட்டுமே இயங்கும். இயல்பான பட்டியல் அதோடு சேர்ந்துகொள்ளாது. பிராமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியைச் சேர்க்கப் போன ஒருவர் ஸ்டாட்டிக்கை விட்டுவிட்டால், நேற்று வரை இருந்த ஸ்விட்சுகள் இன்று மொத்தமாகக் காணாமல் போகும்.

அடுத்தது கோப்பு இருக்கும் இடம். இயல்பாக ‘ஈடிசி’க்குள் ‘விட்ராஜ்’, அதற்குள் ‘ஸ்டாட்டிக்_டேட்டாசோர்சஸ்’ என்ற அடைவு. கோப்பின் பெயர் நான்கெழுத்து ‘.யாமல்’ என்றே முடிய வேண்டும். மூன்றெழுத்துச் சுருக்கத்தில் முடித்தால் விட்ராஜ் அதைத் திறந்தே பார்க்காது, பதிவேட்டில் ஒரு வரியும் எழுதாது. சத்தமே இல்லாத பிழை என்பதால் இதைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். விட்ராஜைக் கன்டெய்னரில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சர்வரின் அடைவில் கோப்பு இருக்கும், கன்டெய்னருக்குள் இருக்காது. உள்ளே போய் அந்த அடைவைப் பட்டியலிட்டுப் பாருங்கள். விட்ராஜ் பயனருக்கு அதைப் படிக்கும் அனுமதி இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

கோப்பு சரியான இடத்தில் இருந்தும் வரவில்லை என்றால், வடிவத்தில் கோளாறு. யாமலில் உள்தள்ளலுக்கு டேப் கூடாது, இடைவெளிதான் போட வேண்டும். ‘டெஃபினிஷன்ஸ்’ என்ற தலைப்பு இல்லாத கோப்பை விட்ராஜ் செல்லாத வடிவம் என்று எச்சரித்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். இது பெரும்பாலும் பழைய நிறுவல்களில் வருகிறது. முன்பு ‘ஸ்டாட்டிக்_ஃபிசிக்கல்’ என்று ஒரு டேட்டாசோர்ஸ் இருந்தது. அதில் என்டிட்டீஸ் நேராக மேல்மட்டத்திலேயே தொடங்கும், இணைப்புகள் ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளேயும் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பை அப்படியே எடுத்து வந்து புதிய அடைவில் போட்டால் வேலைக்கு ஆகாது. புதிய வடிவத்தில் திருப்பி எழுதுங்கள். பிறகு ‘விட்ராஜ்-கிராஃப்’ சேவையை மறுதொடக்கம் செய்து, அதன் பதிவேட்டைக் கூடவே ஓடவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: ஸ்விட்ச் தெரிகிறது, சர்வரோடு கோடு இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: நீங்கள் சொல்லும் சர்வரும் நோவா சொல்லும் சர்வரும் விட்ராஜின் கண்ணுக்கு வேறு வேறு.

விட்ராஜ் ஒரு பொருளை டைப், ஐடி இரண்டையும் சேர்த்துத்தான் அடையாளம் காண்கிறது. ரேஷன் கார்டில் இனிஷியல் முன்னாலும் வங்கிப் புத்தகத்தில் பின்னாலும் இருந்தால் ஒரே ஆளை இரண்டு பேராக நினைப்பார்களே, அப்படித்தான். ‘கம்ப்யூட்-7’ என்று நோவா சொல்கிறது, நீங்கள் டொமைன் பெயரையும் ஒட்டி முழுப்பெயராக எழுதியிருக்கிறீர்கள் என்றால், விட்ராஜுக்கு அது இதுவரை கேள்விப்படாத சர்வர். அந்தப் பெயருக்கு ஓர் இடம்பிடிப்பு முனையை வைத்துக்கொண்டு, உண்மையான தகவல் வரும் என்று காத்திருக்கும். இடம்பிடிப்பு முனைகளைப் படத்தில் காட்டுவதில்லை. அதனால்தான் ஸ்விட்ச் தனியாக நிற்கிறது. கோடு இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சர்வருக்குப் போகிறது.

சரியான பெயரை எங்கே எடுப்பது? ‘ஓப்பன்ஸ்டாக் கம்ப்யூட் சர்வீஸ் லிஸ்ட்’ கொடுங்கள். ‘நோவா-கம்ப்யூட்’ வரிகளில் ‘ஹோஸ்ட்’ என்ற நெடுவரிசையில் உள்ளதை ஓர் எழுத்து மாறாமல் நகலெடுங்கள். ‘ஹைப்பர்வைசர் லிஸ்ட்’ கட்டளையிலிருந்து எடுக்காதீர்கள். லிப்வெர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடும் சர்வர்களில் ஹைப்பர்வைசர் பெயர் பெரும்பாலும் டொமைனோடு கூடிய முழுப்பெயராக இருக்கும், சேவையின் ஹோஸ்ட் பெயரோ குறும்பெயராக இருக்கும். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் கிளவுடுகளும் உண்டு என்பதால்தான் இந்தப் பழக்கம் தவறென்று தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. டைப்பையும் பாருங்கள்: ‘நோவா.ஹோஸ்ட்’, நடுவில் புள்ளி. வெறும் ‘ஹோஸ்ட்’ என்று எழுதினால் அது வேறு இனம்.

பெயர் சரியாக இருந்தும் கோடு வரவில்லை என்றால் ரிலேஷன்ஷிப்ஸ் பட்டியலைப் பாருங்கள். சோர்சில் ஸ்விட்சின் ஐடியை எழுதியிருக்கலாம், அங்கே வர வேண்டியது ஸ்டாட்டிக்_ஐடி. அல்லது ஸ்விட்ச் ஒரு கோப்பிலும் சர்வர் இன்னொரு கோப்பிலும் இருக்கலாம். கூப்பிடு பெயர் கோப்பைத் தாண்டிச் செல்லாது. ஒரே சர்வரை இரண்டு கோப்புகளிலும் அறிவிப்பதில் தவறில்லை. டைப்பும் ஐடியும் ஒன்றாக இருக்கும்வரை விட்ராஜ் அதை ஒரே முனையாகத்தான் வைத்துக்கொள்ளும். ரேக்குக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வைப்பது எனக்குப் பிடித்த முறை. கேபிளைத் தொட்டவர் எந்தக் கோப்பைத் திருத்த வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம்.

அறிகுறி: எழுதிய ஐடி ஒன்று, படத்தில் வரும் ஐடி வேறு

பார்த்தால் மாயம் போல இருக்கும். பைதானில் யாமலைப் படிக்கும் பையாமல் நூலகம் யாமலின் 1.1 விதிகளைப் பின்பற்றுகிறது. அந்த விதிகளின்படி மேற்கோள்குறி இல்லாத சில மதிப்புகள் எண்ணாக மாறிவிடும். சாதன எண் 0123 என்று எழுதினால் அது எட்டடிமான எண்ணாகப் படிக்கப்பட்டு 83 ஆகும். ரேக் 10, இடம் 24 என்பதை 10:24 என்று எழுதினால் அறுபதடிமான எண்ணாகி 624 ஆகும். மேக் முகவரியை ஐடியாக வைப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு: 52:54:00:12:34:56 போல, எழுத்தே கலக்காமல், ஒவ்வொரு துண்டும் 59ஐத் தாண்டாமல், சுழியத்தில் தொடங்காமல் இருந்தால் முழு முகவரியும் ஒரே பெரிய எண்ணாகிவிடும். பத்து ஸ்விட்ச் ஒழுங்காக வந்து பதினொன்றாவது மட்டும் அடம்பிடித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தீர்வு எளிது. எல்லா ஐடிக்கும் எல்லாப் பெயருக்கும் மேற்கோள்குறி போடுங்கள், தேவையோ இல்லையோ. கோப்பைச் சேவையில் போடும் முன், பைதானில் ‘யாமல்.சேஃப்_லோட்’ மூலம் ஏற்றி அச்சிட்டுப் பாருங்கள். மேற்கோள்குறி இல்லாமல் வெளிவரும் ஐடி எல்லாம் எண்ணாக மாறியவை.

அறிகுறி: ஸ்விட்ச் செத்துக் கிடக்கிறது, படத்தில் நலமாக இருக்கிறது

கோப்பில் ‘ஸ்டேட்’ வரியில் ‘அவெய்லபிள்’ என்று நாமே எழுதிக் கொடுத்தோம். விட்ராஜ் அதை அப்படியே காட்டுகிறது. இந்த டேட்டாசோர்ஸ் ஸ்விட்சுக்கு பிங் அனுப்பாது, எஸ்என்எம்பி (சாதனத்திடம் நிலையைக் கேட்கும் நெறிமுறை) வழியாகவும் கேட்காது. இணைப்பை மட்டுமே அது சொல்லும். உடல்நிலையைச் சொல்ல நாகியோஸ், ஸாபிக்ஸ், பிராமிதியஸ் போன்ற வேறொரு கண்காணிப்புக் கருவி வேண்டும்.

அந்தக் கருவி ஸ்விட்சைக் கண்காணிக்கிறது, அலாரமும் எழுப்புகிறது, ஆனால் விட்ராஜில் ஸ்விட்சின் மேல் அது ஒட்டவில்லை என்றால் மறுபடியும் பெயர்ப் பொருத்தம்தான். நாகியோசுக்கு ‘நாகியோஸ்_கான்ஃப்.யாமல்’, ஸாபிக்சுக்கு ‘ஸாபிக்ஸ்_கான்ஃப்.யாமல்’ என்று தனித்தனிப் பொருத்தக் கோப்புகள் உண்டு. நாகியோசில் இந்தப் பெயரில் இருப்பது விட்ராஜில் இந்த டைப், இந்தப் பெயர் என்று அங்கே சொல்ல வேண்டும். ஸ்விட்சுக்கு ‘ஐடி’, ‘நேம்’ இரண்டையும் ஒரே மதிப்பாக வைத்து, கண்காணிப்புக் கருவியிலும் அதே பெயரைச் சூட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு ஒழியும். சாதன எண் ஐடியாக இருப்பது அழகாகத் தோன்றலாம், பராமரிப்பவருக்கு அது சுமை.

ஸ்விட்சின் மேல் அலாரம் வந்துவிட்டது, சர்வர்களுக்கு இறங்கவில்லை என்றால் டெம்ப்ளேட்டுக்கு, அதாவது எந்த அலாரம் வந்தால் விட்ராஜ் என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதும் விதிக் கோப்புக்கு, வாருங்கள். கோப்பில் ‘அட்டாச்டு’ என்று எழுதிவிட்டு டெம்ப்ளேட்டில் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தேடினால் எதுவும் பொருந்தாது. எது சோர்ஸ், எது டார்கெட் என்ற திசையும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘விட்ராஜ் டெம்ப்ளேட் வேலிடேட்’ இதைப் பிடித்துத் தராது. அது டெம்ப்ளேட்டின் இலக்கணத்தைத்தான் பார்க்கும், உங்கள் கிளவுடில் அப்படி ஓர் இணைப்பு உண்டா என்று பார்க்காது. ‘டெம்ப்ளேட் லிஸ்ட்’ கொடுத்து, நிலை ‘ஆக்டிவ்’ என்று இருக்கிறதா எனவும் பாருங்கள்.

சர்வர்களுக்கு அலாரம் இறங்குகிறது, ஆனால் மூலக்காரணப் படம் காலியாக இருக்கிறது என்றால் டெம்ப்ளேட்டில் ‘ரெய்ஸ்_அலாரம்’ மட்டும் இருக்கும். காரண உறவை ஏற்படுத்த ‘ஆட்_காசல்_ரிலேஷன்ஷிப்’ செயலைத் தனியாக எழுத வேண்டும்.

அறிகுறி: ஒரு ஸ்விட்ச் போனால் நன்றாக இருக்கும் சர்வர்களும் சிவப்பாகின்றன

இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் கோப்பு சரியாக இருக்கும்போதே இது நடக்கிறது.

இன்றைய டேட்டா சென்டர்களில் பெரும்பாலும் ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கேபிள், இரண்டு ஸ்விட்சுக்குப் போகும். லினக்ஸில் அவற்றைப் பாண்டாக, அதாவது ஒரே இணைப்பு போல, சேர்த்திருப்பார்கள். ஒரு ஸ்விட்ச் போனாலும் சர்வர் உயிரோடுதான் இருக்கும். கோப்பில் இரண்டு ஸ்விட்சுக்கும் ‘அட்டாச்டு’ கோடு இருக்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் டெம்ப்ளேட் ‘ஸ்விட்சில் அலாரம் இருந்தால் அதோடு இணைந்த சர்வர் எட்டாது’ என்று சொல்கிறது. அது ஒற்றைக் கேபிள் காலத்து நியாயம்.

இரண்டு நிலையாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு ஸ்விட்சில் மட்டும் அலாரம் என்றால் சர்வரில் ‘மாற்றுப் பாதை போய்விட்டது’ என்று எச்சரிக்கை அளவில் ஓர் அலாரம். முதல் ஸ்விட்சில் அலாரம், அது இந்தச் சர்வரோடு இணைந்திருக்கிறது, இரண்டாம் ஸ்விட்சிலும் அலாரம், அதுவும் இதே சர்வரோடு இணைந்திருக்கிறது என்று நான்கையும் ‘அண்ட்’ போட்டுக் கோத்தால் மட்டும் கடும் நிலை. டெம்ப்ளேட்டில் இரண்டு ஸ்விட்சையும் தனித்தனி என்டிட்டியாக அறிவியுங்கள்.

எச்சரிக்கை அளவு அலாரத்தைத் தேவையில்லை என்று நீக்கிவிடாதீர்கள். ஒரு கால் போன நிலையில் பல நாள் ஓடிக்கொண்டிருந்த சர்வர்தான் அடுத்த ஸ்விட்சின் ஃபர்ம்வேர் மேம்படுத்தலின்போது ஒட்டுமொத்தமாக விழுகிறது.

டெம்ப்ளேட்டில் ‘மார்க்_டவுன்’ செயல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சர்வரின் மேல் அதைப் பயன்படுத்தினால், விட்ராஜ் நோவாவிடம் அந்தக் கம்ப்யூட் சேவை விழுந்துவிட்டதாக அறிவித்துவிடும். அதை நம்பி வேறொரு தானியங்கி அமைப்பு விஎம்களை வேறு சர்வரில் எழுப்பத் தொடங்கலாம். பழைய சர்வரிலும் அதே விஎம் ஓடிக்கொண்டிருந்தால் ஒரே டிஸ்க்கில் இரண்டு பேர் எழுதும் நிலை வரும். கையால் எழுதிய இணைப்புக் கோப்பை நம்பி ‘மார்க்_டவுன்’ வைப்பதற்கு நான் உடன்படமாட்டேன், அடுத்துச் சொல்லும் சரிபார்ப்பு தினமும் ஓடினால் ஒழிய.

அறிகுறி: எல்லாம் வேலை செய்கிறது, காட்டும் ஸ்விட்ச்தான் தவறு

மென்பொருளில் பிழையே இல்லை, கோப்பில் உள்ளது பழைய உண்மை. யாரோ ஒரு கேபிளை மாற்றி மாட்டினார்கள், கோப்பைத் திருத்தவில்லை. கேபிளையே கேட்டுவிடுவதுதான் வழி. அதற்கு எல்எல்டிபி இருக்கிறது: கேபிளின் இரு முனையிலும் உள்ள சாதனங்கள் ஒன்றுக்கொன்று தங்களை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை.

சர்வரில் ‘எல்எல்டிபிடி’ சேவையை நிறுவி, ஸ்விட்சிலும் எல்எல்டிபியை இயக்குங்கள். எல்எல்டிபிடி இயல்பாக 30 விநாடிக்கு ஒருமுறை தன்னை அறிவிக்கும். ‘எல்எல்டிபிசிஎல்ஐ ஷோ நெய்பர்ஸ்’ கொடுத்தால் சர்வரின் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் எதிரே எந்த ஸ்விட்ச், எந்தப் போர்ட் என்று வரும். ‘சிஸ்நேம்’ வரியில் உள்ள பெயர்தான் ஸ்விட்ச் தனக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர். கோப்பில் ஸ்விட்சின் ஐடியாக அதையே வைத்துவிட்டால் ஒப்பிடும் வேலை பாதியாகக் குறையும்.

இடைமுகம் உயிரோடு இருக்கிறது, எதிரே யாரும் இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். இன்டெலின் எக்ஸ்710 வகைக் கார்டுகளில் கார்டின் ஃபர்ம்வேரே எல்எல்டிபி சட்டகங்களை வாங்கி வைத்துக்கொள்ளும், இயங்குதளத்துக்குத் தராது. ‘ஈத்டூல்’ கட்டளையில் ‘செட்-ப்ரிவ்-ஃப்ளாக்ஸ்’ விருப்பத்தோடு ‘டிசேபிள்-எஃப்டபிள்யூ-எல்எல்டிபி’ கொடியை ‘ஆன்’ செய்தால் பக்கத்து ஸ்விட்ச் தெரியத் தொடங்கும். சர்வரை மறுதொடக்கம் செய்த பிறகும் அந்த அமைப்பு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்சில் எல்எல்டிபியை இயக்க அனுமதியே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே ரேக்குக்கு நடந்துதான் ஆக வேண்டும். ‘ஈத்டூல்’ கட்டளையில் சிறிய ‘பி’ விருப்பத்தோடு இடைமுகத்தின் பெயரைக் கொடுத்தால், அந்தப் போர்ட்டின் விளக்கு கண் சிமிட்டும். ஒருவர் திரையில், ஒருவர் ரேக்கின் பின்னால் நின்று கேபிளைக் கையால் தொடர்ந்து போய் எந்தப் போர்ட்டில் முடிகிறது என்று படிக்க வேண்டும்.

அறிகுறி: கோப்பைத் திருத்திவிட்டேன், பழைய கோடு போகவில்லை

சிறிது பொறுங்கள். டேட்டாசோர்ஸ்களிடமிருந்து முழுப் படத்தை விட்ராஜ் குறிப்பிட்ட இடைவெளியில்தான் எடுக்கிறது. ‘ஸ்நாப்ஷாட்ஸ்_இன்டர்வல்’ இயல்பாக 600 விநாடி. இரண்டு சுற்று கழிந்தும் கோடு நின்றால் ‘விட்ராஜ்-கிராஃப்’ சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். புதிய பதிப்புகளில் கிராஃபின் படிமம் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது என்பதால், மறுதொடக்கத்துக்குப் பிறகும் பழைய படிமத்திலிருந்து கோடு திரும்பி வர வாய்ப்புண்டு. அப்போது கோப்பை நொந்து பயனில்லை, தரவுத்தளத்தைப் பாருங்கள். சேமித்த தரவைத் துடைக்க ‘விட்ராஜ்-பர்ஜ்-டேட்டா’ என்ற கட்டளை இருக்கிறது. ஓட்டும் முன் காப்பு எடுங்கள், சேவைகளை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

அப்புறம், இந்தக் கோப்புகளை கிட் களஞ்சியத்தில் வையுங்கள். எல்எல்டிபிசிஎல்ஐ ஜேசான் வடிவிலும் வெளியீடு தரும். எல்லா சர்வரிலிருந்தும் அதைத் திரட்டி, கோப்பில் உள்ள இணைப்புகளோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் அச்சிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை தினமும் ஓடவிடுங்கள். பொருந்தாத வரி வந்தால் அன்றே கோப்பைத் திருத்துங்கள், அல்லது கேபிளை.